பூட்டாத கூடம்

(கல்லூரி ஒன்றில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு; அச்சுக்காகச் சுருக்கித் திருத்தப்பெற்ற வடிவம்.)



வளரும் நாட்டில் ஆராய்ச்சிப் பண்பாடு எவ்வாறு உருவாகிறது என்பதைப் பற்றிப் பேச வேண்டுமென்று இக்கல்லூரி முதல்வர் அவர்கள் எனக்கு எழுதியபோது, பொருளின் பரப்பைக் கண்டு முதலில் தயங்கினேன். இப்பொருளை எடுத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் பணத்திலிருந்து தொடங்குவார்கள். நம் நாடு ஆராய்ச்சிக்காகச் செலவிடும் தொகை மொத்த உற்பத்தியில் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை என்று காட்டி, அதை இரட்டித்துவிட்டால் மற்றவை தாமே வந்து சேரும் என்று முடிப்பார்கள். அந்தக் குறை மெய்யான குறைதான்; அதை மறுக்க நான் வரவில்லை. ஆயினும், பணம் வந்த பின்னும் ஆராய்ச்சி வாராத இடங்களை நான் என் உத்தியோக காலத்தில் கண்டிருக்கிறேன். பணம் அருகிப்போன இடத்தில் ஆராய்ச்சி முளைத்தெழுந்த வரலாற்றைப் படித்துமிருக்கிறேன். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் வேற்றுமை யாது என்பதே இன்றைய என் விசாரணை.

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யார் வருவார், எப்போது வருவார், வந்து எதைக் காண்பார் என்பதொன்றும் தெரியாமலே, வரப்போகும் ஒருவருக்காகச் சில ஏற்பாடுகளைச் செய்து வைப்பதும், அவர் வரும்வரை அவற்றை அழியாமல் காப்பதும், வந்தபின் குறுக்கே நில்லாதிருப்பதும் ஆகிய பழக்கம் ஒரு சமூகத்தில் தலைமுறை தலைமுறையாக நிலைத்துவிடுமாயின், அதற்கே ஆராய்ச்சிப் பண்பாடு என்று பெயர். அறக்கட்டளை மேடையில் இதைச் சொல்வது பொருத்தம் என்றும் கருதுகிறேன். இக்கட்டளைக்கு நிதி எழுதி வைத்த பெரியவர், இன்று மாலை இங்கே யார் பேசுவார், யார் கேட்பார் என்பதை அறியார். அறியாமலேதான் எழுதி வைத்தார்.

இக்கருத்தை ஐந்து கூறுகளாகப் பிரித்துச் சொல்ல முயல்கிறேன்.

1. வருகிறவருக்கு முன்னே இடம் வேண்டும்

கல்கத்தாவில் மகேந்திரலால் சர்க்கார் என்றொரு வைத்தியர் இருந்தார். 1863ஆம் ஆண்டிலேயே கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் எம்.டி. பட்டம் பெற்றவர், இராமகிருஷ்ண பரமஹம்சரின் கடைசி நோயின்போது அவருக்கு வைத்தியம் பார்த்தவர் என்றால் உங்களுள் சிலருக்கு நினைவு வரும். இந்தியர் விஞ்ஞானத்தைப் பாடமாகப் படித்தால் போதாது, தம் கையால் பரிசோதித்து வளர்க்கவும் வேண்டும் என்னும் எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. 1869இல் அதை எழுத்தில் வெளியிட்டார். அதன்பின் பல ஆண்டுகள் நோயாளிகளைக் கவனித்த நேரம் போக மிஞ்சியதையெல்லாம் நிதி திரட்டுவதில் செலவிட்டு, 1876இல் பௌபஜார் வீதியில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். விசாகப்பட்டினத்துக்கு அருகிலுள்ள விஜயநகரம் சமஸ்தானத்து மகாராஜாவின் பொருளுதவியால் அங்கே ஒரு பரிசோதனைக்கூடமும் அமைந்தது.

கூடம் இருந்தது, கருவிகள் இருந்தன, மாலை நேரங்களில் விஞ்ஞானச் சொற்பொழிவுகளும் நடந்தன. வாழ்நாளை ஆராய்ச்சிக்கே ஒப்புவிக்கும் ஒருவர் மட்டும் வரவில்லை. தம் பிரயத்தனம் பலிக்கவில்லையே என்னும் மனக்குறையோடுதான் 1904இல் அவர் காலமானார்.

மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1907இல் நிதி இலாகாவில் உத்தியோகம் ஏற்றுப் பதினெட்டு வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர் கல்கத்தாவுக்கு வந்தார். டிராம் வண்டியில் போகும்போது அக்கழகத்தின் பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. இறங்கிச் சென்று கதவைத் தட்டினார். அசுதோஷ் தே என்னும் பணியாளர் கதவைத் திறந்தார். வந்தவர் சி.வி. ராமன். ஸ்தாபகரின் மகன் அமிர்தலால் சர்க்கார், இப்படியொருவர் வரமாட்டாரா என்று காத்திருந்தவராதலால், கூடத்தைப் பயன்படுத்திக்கொள்ள உடனே இசைந்தார். அன்று தொடங்கி, கல்கத்தாவில் உத்தியோகம் பார்த்த காலமெல்லாம், விடியுமுன் கூடத்துக்கு வருவதும், காலை பத்து மணி நெருங்கும்போது வீட்டுக்கு ஓடிக் குளித்து உண்டு அலுவலகம் போவதும், மாலை ஐந்து மணிக்கு அங்கிருந்து நேரே கூடத்துக்குத் திரும்பி இரவு வெகுநேரம்வரை இருப்பதும் ராமனுக்கு நித்தியக் கடமைகளாயின. கதவைத் திறந்த அசுதோஷ் தேயே அவருடைய பரிசோதனைகளுக்குத் துணைவரானார். 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனின் துணையோடு ராமன் கண்ட ஒளிச்சிதறல் விளைவு அந்தக் கூடத்தில்தான் வெளிப்பட்டது. 1930இல் நோபல் பரிசும் வந்தது.

ராமனின் மேதையைப் புகழ்ந்து இக்கதையை முடிப்பது நம் வழக்கம். நான் உங்கள் கவனத்தை 1876க்கும் 1907க்கும் இடைப்பட்ட முப்பத்தோராண்டின்மேல் திருப்ப விரும்புகிறேன். அந்தக் காலத்தில் அக்கூடத்தின் வரவு செலவைப் பரிசீலிக்க ஒரு கணக்கதிகாரியை அனுப்பியிருந்தால், பலனில்லாத இச்செலவை நிறுத்துக என்றுதான் அவர் எழுதியிருப்பார். கடைசியில் ஒரு கணக்கதிகாரி வரவே செய்தார். நல்லவேளையாக, தணிக்கைக்காக வரவில்லை. இன்று மூன்றாண்டுத் திட்டம், ஆறு மாத அறிக்கை, கண்ட முடிவுகளின் எண்ணிக்கை என்று நாம் வகுத்து வைத்திருக்கும் அளவுகோல்களில் எதைக்கொண்டு அளந்தாலும் மகேந்திரலால் தோற்றவரே.

2. விதியைத் தளர்த்தும் துணிவு வேண்டும்

கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் 1857இல், லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரியைப் பின்பற்றி அமைக்கப்பட்டன. அவை பாடம் சொல்லும் இடங்களாக அமையவில்லை; கல்லூரிகளை இணைத்துக்கொண்டு, தேர்வு நடத்தி, பட்டம் வழங்கும் இடங்களாகவே நெடுங்காலம் இருந்தன. ஆகவே நம் நாட்டில் பல்கலைக்கழகம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் முதலில் எழும் சித்திரம் வினாத்தாளே. அதிலுள்ள வினா ஒவ்வொன்றுக்கும் விடையை முன்பே ஒருவர் அறிந்திருப்பார். விடையை எவருமே அறியாத வினாவைத் தேடிப் போவது ஆராய்ச்சி. முன்னதில் பதினைந்து ஆண்டு பழக்கிய பிள்ளையைப் பின்னதற்குத் திடீரென்று அனுப்பினால் அவன் திகைக்கத்தானே செய்வான்?

இந்த முரண்பாட்டைக் கும்பகோணத்துக் கணித மேதை ராமானுஜனிடம் காண்கிறோம். ஊர்க் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தை இழந்தார்; சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலிருந்து எழுதிய எஃப்.ஏ. பரீட்சையிலும் தேறவில்லை; 1912இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்குக் குமாஸ்தாவானார். அவரைத் தேறாதவர் என்று ஒதுக்கிய அதே சென்னைப் பல்கலைக்கழகம், 1913இல் பட்டமில்லாத அவருக்கு மாதம் எழுபத்தைந்து ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. வானிலைத் துறைத் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கரின் பரிந்துரையும், கேம்பிரிட்ஜிலிருந்து கணித அறிஞர் ஹார்டி காட்டிய ஆர்வமும் அதற்குத் துணை நின்றன என்பது மெய்யே. வெளியூரான் தட்டிய பிறகே நாம் கதவைத் திறந்தோம் என்று இதைக் குறைகூறவும் இடமுண்டு. ஆனால் அதற்கும் முன்பே நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவ் தம் சொந்தப் பணத்திலிருந்து மாதம் இருபத்தைந்து ரூபாய் கொடுத்து வந்தார் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

இதைப்போலவே, கல்கத்தாவில் தாரகநாத் பாலித்தின் நன்கொடையால் அமைந்த பேராசிரியர் பதவிக்கு வெளிநாட்டுப் பயிற்சி வேண்டுமென்ற நிபந்தனை இருந்தும், கடல் கடந்து போகாத ராமனையே அப்பதவியில் அமர்த்தினார் கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த அசுதோஷ் முகர்ஜி. சம்பளத்தில் ஏறத்தாழப் பாதியை இழந்து ராமன் 1917இல் அதை ஏற்றார். விதிகள் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. விதி சராசரியானவருக்காக வகுக்கப்படுவது. ஆராய்ச்சிக்கு வருகிறவர் சில வேளைகளில் அச்சராசரிக்குப் புறம்பானவர். விதியை எப்போது விலக்குவது என்று தீர்மானிக்கும் விவேகமும், அத்தீர்மானத்துக்குத் தம் பெயரைப் பொறுப்பாக எழுதும் தைரியமும் உடைய ஒருவராவது ஒவ்வொரு ஸ்தாபனத்திலும் இருந்தாக வேண்டும்.

3. ஏடும் அவையும் நமக்கென்று வேண்டும்

குத்தி என்னும் ஊரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமஸ்வாமி ஐயர், 1907இல் நாட்டின் பல ஊர்களில் சிதறிக்கிடந்த கணித அன்பர்களுக்குக் கடிதம் எழுதி ஒரு சங்கம் கூட்டினார். விலையுயர்ந்த கணித நூல்களையும் அயல்நாட்டு ஏடுகளையும் ஒருவர் தனியே வாங்க இயலாது. ஆளுக்குக் கொஞ்சமாகச் சந்தா கட்டி வரவழைத்து, அஞ்சல் வழியாக ஒருவர் படித்தபின் மற்றவருக்கு அனுப்பலாம் என்பதே அதன் முதல் நோக்கம். அதுதான் பின்னர் இந்தியக் கணிதச் சங்கமாயிற்று. அச்சங்கத்தின் ஏட்டில்தான் ராமானுஜனின் முதல் ஆராய்ச்சிக் கட்டுரை 1911இல் வெளிவந்தது. பட்டமுமில்லாமல் பதவியுமில்லாமல் இருந்த அவருக்கு ஒரு முகவரியைத் தந்தது அந்த ஏடே. நூல் வாங்கப் பணமில்லாத சிலர் தம் வறுமையைப் பங்கிட்டுக்கொள்ளக் கண்ட உபாயம், இன்னார் வருவார் என்று அறியாமலே அவருக்கு ஆசனம் போட்டு வைத்தது.

ராமனும் 1926இல் இந்தியப் பௌதிக ஏட்டைத் தொடங்கினார். இரண்டாண்டுக்குப் பின் தம் கண்டுபிடிப்பை மார்ச் 16ஆம் நாள் பெங்களூரில் அறிவித்த அவர், அம்மாதம் முடிவதற்குள் அதை அவ்வேட்டில் அச்சேற்றிப் பிற நாட்டு விஞ்ஞானிகளுக்கும் அனுப்பிவிட்டார். ஏறத்தாழ அதே நாட்களில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க்கும் மாண்டல்ஷ்டாமும் படிகங்களில் இதே விளைவைக் கண்டிருந்தனர். அவர்கள் அறிக்கை சில மாதங்கள் கழித்தே வெளிவந்தது. நமக்கென்று ஓர் ஏடு இருப்பது வெறும் சுதேச அபிமானமன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் ஏடு என்றால் தவற்றைத் தவறு என்று சொல்லும் அவையும் சேர்ந்ததே. பதவி உயர்வுக்காகக் காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் ஏடுகள் இன்று மலிந்திருக்கின்றன. அவற்றுக்குப் பின்னே அப்படியோர் அவை இல்லை.

4. கை பழக வேண்டும்

ஜகதீச சந்திர போஸ் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் வேலை பார்த்தபோது, குளியலறையை ஒட்டிய இருபத்துநான்கு சதுரஅடி இடமே அவருக்குப் பரிசோதனைக்கூடமாயிற்று. உள்ளூர்த் தகரவேலைக்காரர் ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்து, அவர் கையால் கருவிகளைச் செய்வித்தார். சில மில்லிமீட்டர் நீளமே உடைய மின்காந்த அலைகளை உண்டாக்கவும் உணரவும் வல்ல அக்கருவிகளைக்கொண்டு 1895இல் கல்கத்தாவில் அவர் நடத்திய பரிசோதனை உலகின் கவனத்தை ஈர்த்தது. அத்தகரவேலைக்காரரின் பெயரை நம்மில் அநேகர் அறியாதிருப்பது நம் பண்பாட்டைப் பற்றியே ஏதோ சொல்கிறது.

என் இளமையில் நான் பணிபுரிந்த ஒரு கல்லூரியில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு நிறமாலைக் கருவி இருந்தது. அதற்கென்று தைத்த சிவப்புப் பட்டுறையில் அது ஆண்டு முழுவதும் இருக்கும். ஆயுத பூஜையன்று உறையை நீக்கிச் சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சாத்தி, கற்பூரம் காட்டி, மறுநாள் மீண்டும் மூடிவிடுவோம். கெட்டுப்போனால் செப்பனிட ஆளில்லை என்பதால் எவரும் அதைத் தொட அனுமதிக்கப்படவில்லை. நானும் கைகூப்பி நின்றவர்களில் ஒருவன்; ஆகையால் பிறர்மேல் குற்றம் சொல்ல எனக்கு உரிமையில்லை. கழற்றிப் பார்க்கத் தெரியாத கருவி நமக்குத் தெய்வமாகிவிடுகிறது. ஒவ்வொரு ஆராய்ச்சிக்கூடத்துக்கும் பக்கத்தில் ஒரு பட்டறையும், அதில் பேராசிரியருக்குச் சமமான மரியாதையோடு நடத்தப்படும் ஒரு கம்மியரும் இருந்தாலன்றி, நாம் பூஜை செய்துகொண்டேதான் இருப்போம்.

5. ஆசிரிய வழி தொடர வேண்டும், அது குலமாகிவிடக் கூடாது

பாரிஸில் கணிதம் பயின்ற சார்ல்ஸ் ரசீன் என்னும் சேசு சபைத் துறவி 1937இல் இந்தியாவுக்கு வந்து, முதலில் திருச்சி தூய வளனார் கல்லூரியிலும் பின்பு சென்னை லயோலாக் கல்லூரியிலும் ஆசிரியராக இருந்தார். பெரிய தேற்றங்களைக் கண்டவர் என்று அவரை யாரும் கொண்டாடுவதில்லை. ஆனால் உலகில் கணிதம் அன்று எங்கே உயிரோடு நடந்துகொண்டிருந்தது என்பதை அவர் அறிந்திருந்தார். பாடத்திட்டத்துக்கு அப்பால் அக்கணிதத்தின் வாசனையை மாணவருக்குக் காட்டினார். அவரிடம் பயின்ற சி.எஸ். சேஷாத்ரியும் எம்.எஸ். நரசிம்மனும், விஞ்ஞானி ஹோமி பாபா 1945இல் நிறுவிய, பம்பாயிலுள்ள டாடா ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 1953இல் சென்றனர். அவ்விருவரும் 1965இல் வெளியிட்ட தேற்றம் இன்று அவர்கள் பெயராலேயே உலகெங்கும் வழங்குகிறது. சேஷாத்ரி 1989இல் சென்னையில் ஒரு கணிதக் கல்விக்கூடத்தைத் தொடங்கி, அந்த ஓட்டத்தை அது புறப்பட்ட ஊருக்கே திருப்பிக்கொண்டு வந்தார்.

ஆசிரிய வழிக்கு ஓர் அபாயமும் உண்டு. பௌபஜார் வீதியில் திறந்த கதவால் வாழ்வு பெற்ற ராமன், 1933இல் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்தின் தலைவராக இருந்தபோது, கமலா பாகவத் என்னும் மாணவி இடம் கேட்டு வந்தார். பெண் என்னும் காரணத்துக்காக அவரைச் சேர்க்க ராமன் மறுத்தார். கமலா திரும்பிப் போகவில்லை. போராடி, ஓராண்டு சோதனைக்காலம் உள்ளிட்ட நிபந்தனைகளோடு இடம் பெற்றார். அவருடைய உழைப்பைக் கண்டபின் ராமனே பிற பெண்களையும் சேர்க்கலானார். பின்னாளில் கமலா சோஹோனி என்று அறியப்பட்ட அவர் 1939இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். ராமனைச் சிறுமைப்படுத்த இதை நான் சொல்லவில்லை. கதவு தமக்காகத் திறந்த நாளை மறந்துவிடுவது மகா மேதைக்கும் நேரக்கூடுமென்றால், பெண் என்றும், ஊர் என்றும், சாதி என்றும், ஆங்கிலம் பேச வராதவர் என்றும் நாம் யார் யாரை வாசலிலேயே நிறுத்தியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டாமா?

இனி, உங்களுள் சிலர் மனத்தில் எழுந்திருக்கக்கூடிய ஆட்சேபம் ஒன்றுக்கு விடை சொல்ல வேண்டும். பசியும் பிணியும் தீராத நாட்டுக்கு இத்தனை பொறுமையான ஆராய்ச்சி ஆடம்பரமல்லவா என்பது அது. ஏழைகளின் நோய் என்று பெயர்பெற்ற காலராவை எடுத்துக்கொள்வோம். அந்நோயின் கிருமியை ஐரோப்பியர் முன்பே கண்டுவிட்டனர். ஆனால் அது எவ்வாறு உடலின் நீரையெல்லாம் வடித்துவிடுகிறது என்பது தெரியாதிருந்தது. கல்கத்தாவில் சம்பு நாத் டே என்னும் மருத்துவர், முயலின் சிறுகுடலில் ஒரு துண்டைக் கட்டிச் சோதிக்கும் எளிய முறையால், கிருமி சுரக்கும் நஞ்சே அதற்குக் காரணம் என்பதை 1959இல் நிறுவினார். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் திலீப் மகாலநபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்து, நூற்றுக்கு முப்பதை ஒட்டியிருந்த சாவை நாலுக்கும் கீழே இறக்கினார். குடல் எவ்வாறு நீரை இழக்கிறது, எவ்வாறு சர்க்கரையோடு சேர்த்து உப்பை ஏற்கிறது என்று பல நாட்டார் பொறுமையாகச் செய்த ஆராய்ச்சி இல்லாவிடில், அந்த உப்புநீரின்மேல் மருத்துவ உலகுக்கு நம்பிக்கை பிறந்திராது. நம் நோய்க்கு நாம்தாம் வினா எழுப்ப வேண்டும். அந்நோய் இல்லாத செல்வ நாட்டார் நமக்காக எத்தனை காலம் எழுப்பிக்கொண்டிருப்பார்கள்? சம்பு நாத் டேயோ, தம் நாட்டாரின் உரிய கௌரவத்தைப் பெறாமலே 1985இல் மறைந்தார் என்பதையும் வெட்கத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

நண்பர்களே, பேச்சை முடிக்குமுன் ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். நான் மாணவனாக இருந்த கல்லூரியில் மாலை ஐந்து மணி அடித்தவுடன் பரிசோதனைக்கூடம் பூட்டப்படும். அங்கே இருந்த பணியாளர் ஒருவர், அரைகுறையாக நின்ற என் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, "நீ முடிச்சுட்டு வா தம்பி, நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்" என்று வாசற்படியில் உட்கார்ந்துகொள்வார். விதிப்படி அவர் செய்தது தவறு. ராமனைப்போல நான் ஒன்றும் கண்டுபிடித்துவிடவில்லை. ஆனால் ஆராய்ச்சி என்பது இன்னதென்று எனக்குத் தெரிந்தது அந்த மாலைகளில்தான்.

நேற்று மாலை உங்கள் கூடத்தைப் பார்க்கப் போனேன். கருவிகள் நல்ல நிலையில் இருக்கின்றன. மாணவர் ஒருவர் அன்போடு எல்லாவற்றையும் காட்டினார். ஐந்தே கால் மணிக்கு வெளியே வந்தபோது கதவில் பூட்டுத் தொங்கியது. இந்த அறக்கட்டளையின் வருமானத்தில் அடுத்த ஆண்டு என்னைப்போன்ற ஒருவரை அழைத்துப் பேசவைப்பதை நிறுத்தினாலும் நிறுத்துங்கள். அந்தப் பணத்தில் இரவு ஒன்பது மணிவரை அக்கூடத்தில் இருக்க ஒரு பணியாளரை அமர்த்துங்கள். ஓராண்டு, இரண்டாண்டு, பத்தாண்டுகூட எவரும் வராமற்போகலாம். அதுவரையில் விளக்கு எரியட்டும்.